கடலைக்காட்டுப் பையன் வளர்ந்த வீடு



இன்றைக்கு விதை நேர்த்தி பற்றியோ மேலுரம் பற்றியோ பேசப் போவதில்லை. உங்களை ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். வீடு இருப்பது அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில். அங்கே விளைவது என்ன தெரியுமா? நம்ம கடலைதான். வடக்கத்திப் பக்கம் மல்லாட்டை என்பீர்கள், மணிலாக்கொட்டை என்பீர்கள், தெற்கே கடலை என்பீர்கள். எல்லாம் ஒன்றுதான். அமெரிக்காவில் கடலை விளைச்சலில் முதலிடம் ஜார்ஜியாவுக்கு.

அந்த வீட்டில் வளர்ந்த பையன் பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஆனார். பெயர் ஜிம்மி கார்ட்டர். 1924 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தார். 1977 முதல் 1981 வரை பதவியில் இருந்தார். 2024 டிசம்பர் 29-ஆம் தேதி, நூறு வயது நிறைந்து காலமானார். அவர் சிறு வயதில் வாழ்ந்த பண்ணையை 1994-இல் அந்த நாட்டு தேசியப் பூங்காத் துறை வாங்கியது. பழுது பார்த்து 2000-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

தலைவர்கள் பிறந்த வீடு, வளர்ந்த வீடு என்று உலகம் பூராவும் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் அவர் படுத்த கட்டில், அவர் எழுதிய மேசை என்று காட்டுவார்கள். இந்த வீட்டை உங்களுக்காக நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. இது ஒரு பண்ணையாக அப்படியே நிற்கிறது. முதலாளி வீடும் இருக்கிறது, பண்ணையாளின் வீடும் இருக்கிறது. கடன் எழுதிய கடையும் இருக்கிறது. விவசாயிக்கு அங்கே பார்க்க வேண்டியது நிறைய உண்டு. வாங்க, போகலாம்.

எங்கே இருக்கிறது?

பிளெயின்ஸ் என்பது ஒரு சிற்றூர். ஜனத்தொகை ஆயிரத்தைக்கூடத் தொடாது. அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய மூன்று மைல் போனால் ஆர்ச்சரி என்ற குக்கிராமம். ரயில் பாதை ஊரை ஒட்டியே ஓடுகிறது. மண் செம்மண். ஜிம்மிக்கு நாலு வயதாக இருந்தபோது, 1928-இல் அவருடைய தகப்பனார் ஏர்ல் கார்ட்டர் இந்தப் பண்ணையை வாங்கிக் குடி வந்தார்.

குடி வந்த அன்று ஒரு வேடிக்கை. கதவு பூட்டியிருக்கிறது. சாவியை அப்பா மறந்து வந்துவிட்டார். ஜன்னலைத் தூக்கினால் உள்ளே ஒரு கட்டை தடுக்கிறது; கொஞ்சம்தான் திறக்கிறது. அந்தச் சந்து வழியாக மகனை உள்ளே நுழைத்துவிட்டார். பொடியன் சுற்றி வந்து கதவைத் திறந்தான். இந்த வீட்டைப் பற்றித் தமக்கு இருக்கும் முதல் நினைவு இதுதான் என்று கார்ட்டர் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குள்ளே

மர வீடு. முன்பக்கம் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். வீட்டைச் சுற்றிப் புல் கிடையாது. வெள்ளை மணல் பரப்பி, மிலாறு விளக்குமாற்றால் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். நம்ம வீட்டு வாசலைப் பார்த்த மாதிரியே இருக்கும் உங்களுக்கு.

கார்ட்டர் குடும்பம் 1949 வரை இந்தப் பண்ணையில் இருந்தது. ஆனால் பூங்காத் துறையார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1938-இல்தான் இந்தப் பண்ணைக்கு மின்சாரம் வந்தது. அதற்கு முந்தி வீடு எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பி அமைத்தார்கள். ஆகவே சுவரில் சுவிட்சும் இல்லை, கூரையில் விசிறியும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். சமையலறையில் விறகு அடுப்பு. குளிருக்குக் கணப்பு. சிறுவன் ஜிம்மி படுத்த அறையில் அந்தக் கணப்பும் கிடையாது. குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டு தூங்க வேண்டியதுதான்.

தண்ணீர்? முற்றத்தில் கை பம்பு. அடித்து, வாளியில் பிடித்து, வீட்டுக்குச் சுமக்க வேண்டும். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியே. 1935-இல் அப்பா ஒரு காற்றாலை நிறுத்தினார். காற்றடித்தால் சக்கரம் சுழலும். கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறும். குழாய் வழியாக வீட்டுக்கு வரும். குளியலறை வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு தகர டப்பாவில் அடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டார்கள். அதுதான் ஷவர். உலகத்தின் பெரிய பதவி ஒன்றை வகித்தவர் குளித்த ஷவரைப் பார்த்தீர்களா!

அம்மா பெயர் லில்லியன். நர்ஸ் வேலை பார்த்தவர். பக்கத்து ஜனங்களுக்கு, அதிலும் கறுப்பின மக்களுக்கு, வைத்தியம் பார்க்க ராவு பகல் பாராமல் போய்விடுவார். அந்தக் காலத்தில் அந்த ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இப்படிப் போவது சாதாரணம் இல்லை. அந்த அம்மாள் நம் இந்தியாவுக்கும் வந்தவர். அறுபத்தெட்டு வயதில், 1966-இல் அமைதிப் படைத் தொண்டராகப் புறப்பட்டு வந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில் 1968 வரை நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்.

மணி அடித்தவர் வீடு

இப்போது வீட்டை விட்டு வெளியே வருகிறோம். பண்ணையில் ஒரு பெரிய மணி. விடியற்காலை நாலு மணிக்கு அதை அடிப்பவர் ஜாக் கிளார்க் என்ற கறுப்பினத்தவர். கோவேறு கழுதைகளும் கொட்டிலும் அவர் பொறுப்பு. அங்கே உழவுக்கு மாடு இல்லை, கோவேறு கழுதைதான். மணிச்சத்தம் கேட்டதும் ஆட்கள் எழுந்து, விளக்கு வெளிச்சத்திலேயே கழுதைகளைப் பூட்டி, பொழுது விடிகிற சமயத்துக்கு வயலில் நிற்பார்கள்.

ஜாக் கிளார்க்கின் மனைவி ரேச்சல். பருத்தி எடுப்பதிலும் கடலைச் செடி உதறுவதிலும் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஜிம்மிக்கு மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அப்பா அம்மா வெளியூர் போனால் பையன் இவர்கள் வீட்டில்தான் தரையில் பாய் மாதிரி ஒன்றை விரித்துப் படுத்துக்கொள்வான். மண்ணைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் தாம் கற்றதில் பெரும்பங்கு ரேச்சலிடமிருந்து வந்தது என்று கார்ட்டர் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிளார்க் வீடு இன்றும் நிற்கிறது. பெரிய வீட்டைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள். சின்ன மரவீடு. இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். பெரிய வீட்டை ஒட்டி டென்னிஸ் ஆடக் களம் இருக்கிறது. அதைத் தாண்டி நடந்தால் மணி அடித்தவரின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்பது, இரண்டு வீடும் நிற்பதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றை மட்டும் காப்பாற்றியிருந்தால் பாதிக் கதைதான் மிஞ்சியிருக்கும்.

கடையும் கணக்கும்

பண்ணைக்குள்ளேயே ஒரு கடை. ஏர்ல் கார்ட்டர் நடத்தியது. மண்ணெண்ணெய், புகையிலை, மூக்குப்பொடி, வேலைக்காரர் உடுப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். பண்ணையில் விளைந்த கரும்பைக் காய்ச்சிப் பாகாக்கி, அதையும் தகரத்தில் அடைத்து விற்றார். குடும்பம் சாப்பிட உட்கார்ந்தாலும் யாராவது வந்து கூப்பிட்டால் எழுந்து போய்க் கடையைத் திறக்க வேண்டும்.

இந்தக் கடையைக் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் தெற்கு அமெரிக்க மாநிலங்களில் வார சாகுபடி அதிகம். நிலம், வீடு, கழுதை, கலப்பை, விதை இவை நிலக்காரருடையவை. உழைப்பு வாரதாரருடையது. விளைந்ததில் பாதிப் பாதி. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் வாரதாரர் குடும்பம் என்ன சாப்பிடும்? கடையில் கடன். கடனுக்கு வட்டி. அறுப்பு முடிந்ததும் கணக்கு. விலை விழுந்த வருஷத்தில் பாதிப் பங்கு முழுதும் கடனுக்கே போகும்; சில பேருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது; அடுத்த வருஷத்துக்கும் அதே கடை, அதே கடன். தினக்கூலிக்கு வந்தவர்களுக்கு வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளைக்கு 1 டாலர் அளவில்தான் கூலி.

வாரமும் முன்பணமும் நமக்குப் புதிது இல்லை. கணக்கு எழுதுகிறவர் ஒருவர், அதைப் படிக்கத் தெரியாதவர் ஒருவர் என்று இருந்தால், மனசாட்சி உள்ள நிலக்காரரிடத்திலும் அந்த ஏற்பாடு ஒரு பக்கமாகவே சாயும். அந்தக் கடையின் மர மேசை முன்னால் நின்றால் இது புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும்.

வயலில் என்ன நடந்தது?

முன்பு அந்தப் பக்கம் பருத்திதான் ராஜா. மொட்டையும் காயையும் துளைக்கிற கூன்வண்டு 1915 வாக்கில் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. பருத்தி நொடித்தது. அதன் பிறகு கடலை பரவியது. ஒரு பயிரையே நம்பி இருக்கக்கூடாது என்பதை ஒரு பூச்சி வந்து கற்றுக்கொடுத்தது. கடலை வேரில் முடிச்சு இருக்கிறதே, அது காற்றில் உள்ள தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும். மண்ணுக்கும் கொஞ்சம் மிஞ்சும். பருத்தி தின்று இளைத்த மண்ணுக்கு அது ஆறுதல்.

வண்டுக்கு அப்போது என்ன மருந்து? ஆர்சனிக் என்கிற பாஷாணம். அதைக் கரும்புப்பாகிலும் தண்ணீரிலும் கலந்து, குச்சி முனையில் துணி கட்டி, ஒவ்வொரு செடியின் மொட்டிலும் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். இந்த வேலை சிறுவர்களுக்கு. ஜிம்மியும் செய்தான். ஈ மொய்க்கும். பாகு காற்சட்டையில் சிந்திக் காய்ந்து விறைத்து, கழற்றி வைத்தால் தானே நிற்குமாம்! சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் கலந்திருந்தது கொடிய விஷம். பிள்ளைகள் கையில் மருந்து வாளி கொடுக்கக்கூடாது என்று இன்றைக்கும் இதே வானொலியில் படித்துப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலை அறுப்பு கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரிதான். செடியைப் பிடுங்கி, மண் உதறி, வயலிலேயே நட்ட கம்பங்களைச் சுற்றிப் போராக அடுக்கிக் காய வைத்து, பிறகு காயைப் பிரிப்பார்கள். வயலில் வேலை செய்பவர்களுக்கு வாளியில் தண்ணீர் சுமந்து கொடுப்பது சிறுவர் வேலை.

பையன் தனியாக ஒரு வியாபாரமும் செய்தான். அப்போது ஐந்து வயதுதான். பச்சைக் கடலைச் செடியைப் பிடுங்கி, காயைக் கழுவி, ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவான். காலையில் வேகவைத்துக் காகிதப் பைகளில் கட்டுவான். இருபது பை. ரயில் பாதையோரமாகவே பிளெயின்ஸுக்கு நடந்து போய், பை ஒன்று 5 சென்ட் என்று விற்பான். எல்லாம் விற்றால் 1 டாலர். கவனித்தீர்களா? வளர்ந்த ஆள் பொழுது பூராவும் வெயிலில் நின்று வாங்குகிற கூலியும் அதே 1 டாலர்தான். நிலமும் செடியும் கையில் இருப்பவனுக்கும், உழைப்பு மட்டும் இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டது.

அந்தக் காசைச் சேர்த்து, பருத்தி விலை பவுண்டுக்கு 5 சென்ட்டாகப் படுத்துவிட்ட காலத்தில் 5 பேல் வாங்கி அப்பாவின் கிடங்கில் போட்டு வைத்தான் பையன். சில வருஷம் பொறுத்து 18 சென்ட் ஆனபோது விற்று 5 சின்ன வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டான். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பதற்குக் கிடங்கும் வேண்டும், வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு இல்லாமலும் இருக்க வேண்டும். அறுத்த அன்றே விற்றால்தான் கடன் அடையும் என்கிறவன் எப்படிக் காத்திருப்பான்? நம்மில் எத்தனை பேர் களத்திலேயே மூட்டையை விலை பேசி அனுப்புகிறோம்!

1933-இல் இன்னொரு சம்பவம். விளைச்சல் மிகுந்து விலை சரிந்ததால், வளர்ந்து நிற்கிற பருத்தியை உழுது அழித்தால் பணம் தருகிறோம் என்றது அரசாங்கம். நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தி மண்ணுக்குள் போயிற்று. பயிரை மிதிக்கக்கூடாது என்று பழக்கிய கழுதைகள் செடிமேல் நடக்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தன. விலைக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் வளர்த்த பயிரைத் தன் கையால் அழிக்க ஏர்ல் கார்ட்டருக்கு மனசு வரவில்லை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

ஜன்னலில் வைத்த ரேடியோ

நம்ம ரேடியோக் குடும்பத்துக்குப் பிடித்த செய்தி ஒன்று சொல்கிறேன். இந்த வீட்டில் பாட்டரி ரேடியோ ஒன்று இருந்தது. 1938 ஜூன் 22-ஆம் தேதி நியூயார்க்கில் குத்துச்சண்டை. ஒரு பக்கம் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ், எதிரே ஜெர்மனியின் ஷ்மெலிங். பண்ணையின் கறுப்பின மக்கள் வந்து, நாங்களும் கேட்கலாமா என்று கேட்டார்கள். ஏர்ல் கார்ட்டர் ரேடியோவை ஜன்னலில் வைத்தார். அவர்கள் வெளியே முற்றத்தில் நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேலே, ஜோ லூயிஸ் ஜெயித்துவிட்டார்.

முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. ஐயாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடக்கமாக மண் சாலையைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு ஆரவாரம்! ராத்திரி வெகுநேரம் அடங்கவில்லையாம். அந்த ஜன்னலை இன்றும் அங்கே பார்க்கலாம். முதலாளி முன்னால் சிரிக்கக்கூட அஞ்சிய காலத்துக்கு அந்த ஜன்னல்தான் சாட்சி.

ஜிம்மியின் விளையாட்டுத் தோழர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். கூட விளையாடி, கூட மீன் பிடித்து, கூடச் சாப்பிட்டவர்கள். ஆனால் பள்ளிக்கூடம் தனி. ஜிம்மிக்கு பஸ் உண்டு. அவர்கள் நடக்க வேண்டும். ரயிலில் சேர்ந்து சினிமாவுக்குப் போனாலும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி இருக்கை. பதினாலு வயது வாக்கில் ஒரு நாள், மேய்ச்சல் நிலத்துப் படலுக்கு மூன்று பேர் வந்தார்கள். தோழர்கள் இருவரும் படலைத் திறந்து, ஒதுங்கி நின்று, ஜிம்மியை முதலில் போகச் சொன்னார்கள். அதுவரை அப்படி நடந்ததில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்று கார்ட்டர் பின்னால் ஊகித்து எழுதினார். அன்றோடு சமத்துவம் போயிற்று என்று வருத்தப்பட்டார். 1971-இல் ஜார்ஜியாவின் ஆளுநராகப் பதவி ஏற்றபோது, நிறப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று பகிரங்கமாகப் பேசியவரும் அவரே. அந்தப் பேச்சுக்கு விதை எங்கே விழுந்தது என்று தேடினால், இந்தப் பண்ணையில்தான்.

விளக்கு வந்த வருஷம்

1935-இல் கிராம மின்மயத்துக்கென்று அமெரிக்க அரசு ஒரு நிர்வாகம் ஏற்படுத்தியது. விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பி இழுத்தார்கள். அப்படித்தான் மூன்று வருஷம் கழித்து இந்தப் பண்ணைக்கும் விளக்கு வந்தது. முதல் பல்பு எரிந்த நாளைப் பார்த்த பெரியவர்கள் நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மகிழ்ச்சி தெரியும்.

கார்ட்டர் 1941-இல் கல்லூரிக்குப் போனார், பிறகு கடற்படை. 1953-இல் தகப்பனார் காலமானார். அப்பாவின் கடைசி நாட்களில் ஊர் ஜனம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனதை மகன் கவனித்தார். வெளியே சொல்லாமல் அவர் செய்த உதவிகள் அப்போதுதான் தெரிய வந்தன. கடற்படையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிக் கடலை விதை வியாபாரத்தில் இறங்கினார். தலைவர் பதவி முடிந்த பிறகும் பிளெயின்ஸிலேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார். 1978 ஜனவரியில் இந்தியா வந்தபோது டில்லிக்குப் பக்கத்தில் தௌலத்பூர் நசீராபாத் என்ற கிராமத்துக்குப் போனார். அந்த ஊருக்குக் கார்ட்டர்புரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நமக்கு என்ன?

விவசாயப் பெருமக்களே, கடல் தாண்டிப் போய் இதைப் பார்க்க எல்லோராலும் முடியாது. ஆனால் இந்தப் பண்ணை சொல்கிற பாடத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நம்ம வீட்டில் தலைவர் பிறக்கவில்லை, எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1928-இல் ஜன்னல் சந்தில் நுழைந்த பையனும் தலைவர் இல்லை.

மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, பழைய கருவிகளை விறகுக்கும் காயலான் கடைக்கும் போட்டுவிடாதீர்கள். கமலையின் சால், மரக்கலப்பை, மரக்கால், படி இவற்றில் ஒவ்வொன்றாவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் இருக்கட்டும். எதற்குப் பயன்பட்டது, யார் செய்தது என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு இருந்தால் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். எந்த வருஷம் என்ன விலை, என்ன கூலி, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. படிக்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தலாம். உறுத்தட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் நிலத்தில் உழைத்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள். நாற்று நட்டவர், மடை திருப்பியவர், கடலை பறித்தவர், மாடு மேய்த்தவர். ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்ற பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. ஒரு தலைவர் மறக்காமல் சொன்னார், அதனால் தெரிகின்றன. நம் கிராமத்தில் விடியுமுன் எழுந்தவர்களின் பெயரைச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் வயதில் மூத்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.